தீவகத்துத் தவறணை: ஒரு வரலாற்று நோக்கு

கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரமே வகுத்துக்கொண்ட மொழி தமிழ். அதே மொழியின் பழம்பாட்டுக்களிலே கள் தடையின்றி ஓடுகின்றது. அதியமான் ஔவையாரோடு அதனைப் பகிர்ந்துண்டான். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்திலே கள் விற்கும் மனைக்குத் தனிக் கொடி பறந்தது. சைவச் சூழலிற் பயின்ற நம்மவர் முன்னதை மனனஞ் செய்வர். பின்னதை உரையாசிரியர் துணையுடன் விரைந்து கடந்து செல்வர். இவ்விரண்டிற்கும் நடுவே நின்ற கட்கடையென்னும் நிலையத்தைத் திரும்பிப் பார்ப்பார் அரியர். அதனை நடத்தியவன் யாவன், எவ்வகை உத்தரவின்கீழ் நடத்தினான், அங்கு விழுந்த காசு எவன் மடியிற் சேர்ந்தது, குடித்தவன் நல்லபடியே வீடு சேர்ந்தானா என்னும் வினாக்கள் வரலாற்று மாணவருக்கு உரியனவே. அரசிறையின் வரலாறும், தொழிலாளர் வரலாறும், குடும்ப வாழ்வின் வரலாறும் ஒருங்கே சந்திக்குமிடம் அச்சிறு கொட்டில்.

இக்கட்டுரைக்கு நிலைக்களன் யாழ்ப்பாணத் தீவகம். குறிப்பாக, ஊர்காவற்றுறைத் துறைமுகத்தை அடுத்துக் கிடக்கும் கரம்பொன்னும் அதன் அயலூர்களும். ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட தீவில் உள்ளது கரம்பொன். கரம்பன் என எழுதுவாருமுளர். கரம்பு என்பது தரிசு நிலத்திற்குப் பெயர். அது பொன்னானது ஊரவர் பற்றினாலோ எழுத்தாளர் கைவண்ணத்தாலோ என்பதைச் சொல்லாராய்ச்சியாளருக்கு விட்டுவிடலாம். தனிநாயக அடிகள் 1913ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்பதனால் தமிழுலகம் இதனை அறியும். சுண்ணக்கல்லும் மணலும் கலந்த தரை. ஆழக் கிண்டினால் உவராகும் கிணறு. நெல்லுக்கு வானத்தையே நம்பிய வயல். இத்தகைய மண்ணிலே பழுதின்றி நிற்பது பனை ஒன்றே. வீடு வேய ஓலை, வேலியடைக்க மட்டை, பஞ்சத்துக்கு ஒடியல், பிள்ளைகளுக்குப் பனாட்டு என அது தராதது இல்லை. 1850ஆம் ஆண்டிலே வில்லியம் பேர்குசன் என்பார் இலங்கைப் பனையைப் பற்றித் தனிநூலே எழுதினார். அப்பனை தரும் பொருள்களுள் அரசாங்கத்தின் கண்ணை முதலிற் கவர்ந்தது கள்.

கள்ளின் இயல்பை அறியாது கட்கடையின் வரலாற்றை விளங்கிக்கொள்ளல் இயலாது. பாளையைச் சீவி முட்டி கட்டினால் வடிவது இனிய நீர். அதிலே நூற்றுக்கு 12 பங்கு அளவிற் சர்க்கரை உண்டு. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீராகவே நிற்கும், காய்ச்சினாற் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு பூசாவிடின், காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதிகள் மரத்தின் உச்சியிலேயே தம் தொழிலைத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை மதுசாரம் கொண்ட கள் உண்டாகும். ஒருநாள் கழியின் அது புளித்துக் காடியாகத் தொடங்கும். ஆகவே கள் விற்பவனுக்குப் பொழுதே பகை. சாராயக் கடைக்காரன் போத்தலை அடுத்த மாதத்துக்கு வைத்திருக்கலாம். கள் விற்பவன் காலையில் வந்ததை மாலைக்குள் விற்றாக வேண்டும். விற்கத் தவறின் கொட்ட வேண்டும், அல்லது பழையதைப் புதியதோடு கலக்கவேண்டும். தவறணையில் நிகழ்ந்த தீங்குகளிற் பாதிக்கு மேற்பட்டவை இந்த அவசரத்திற் பிறந்தவையே என்பது எம் கருத்து.

இவ்வவசரத்தை அறிந்து விதிசெய்த முன்னோர் உளர். மைசூர்ச் சாமசாத்திரியார் 1909ஆம் ஆண்டு மூலத்தை அச்சிட்டு, 1915ஆம் ஆண்டு ஆங்கிலத்திற் பெயர்த்த கௌடலியரின் அருத்தசாத்திரத்திலே, மதுவைக் கண்காணிக்கும் அதிகாரியாகிய சுராத்தியட்சனுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அதனை வாசிப்போர் வியப்படைவர். மதுவை ஊரெல்லை கடத்தலாகாது. மதுக்கடைகள் ஒன்றோடொன்று நெருங்கியிருத்தலும் ஆகாது. இதற்குக் காட்டும் காரணங்கள் மூன்று: தொழிலாளர் தொழிலைக் கெடுப்பர், மேன்மக்கள் வரம்பு கடப்பர், துணிச்சற்காரர் கைகலப்பர். அறிமுகமான நல்லொழுக்கத்தார்க்கே வெளியே கொண்டுசெல்லக் கொடுக்கலாம். அதுவும் குடுபம், பிரத்தம் முதலாய சிற்றளவுகளில் மட்டும். ஏனையோர் கடையிலேயே இருந்து குடிக்கவேண்டும். கடைக்குப் பல அறைகள், தனித்தனி இருக்கைகள், நறுமணம், மாலை, நீர் ஆகியன இருத்தல் வேண்டும். கெட்ட மதுவைக் கடையில் விற்றலாகாது. அடிமைகளுக்கோ பன்றிகளுக்கோ கொடுத்துவிடலாம் என்கிறார். (அடிமையையும் பன்றியையும் ஒரே வரிசையில் வைத்த அக்காலத்து நெஞ்சை இங்கே குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.) எல்லாவற்றினும் சிறந்தது மற்றொரு விதி: மயங்கிக் கிடப்பவன் கடையிலே தன் பொருளை இழப்பின், கடைக்காரன் அவ்விழப்பை ஈடுசெய்வதோடு அதற்குச் சமமான தண்டமும் இறுக்கவேண்டும்.

இவ்விதி குடிப்பவனை நோக்கி எழுதப்பட்டதன்று. கொடுப்பவனை நோக்கி எழுதப்பட்டது. குடிப்பவன் அறிவு தடுமாறும் நிலையை அடைவான் என்பது முன்னரே தெரிந்தமையால், தடுமாறாத நிலையிலிருக்கும் கடைக்காரன் தலையிலே பொறுப்பு ஏற்றப்படுகின்றது. பாபிலோனிய அரசன் அம்முராபியின் சட்டக்கல்லும், இங்கிலாந்தின் 1872ஆம் ஆண்டு உத்தரவுச் சட்டமும் இதே வழியிற் செல்கின்றன. முன்னது, மதுக்கடைப் பெண் தன் கடையிற் சதிகாரர் கூடுவதைக் கண்டும் பிடித்துக் கொடாதிருப்பின் அவளுக்குத் தண்டனை விதிக்கின்றது. பின்னது, தன் கடையிலே வெறியை அனுமதிப்பவனையும் வெறியில் இருப்பவனுக்கு விற்பவனையும் குற்றவாளி ஆக்குகின்றது. ஆக, கடையைப் பாதுகாப்பாக நடத்துதல் என்பது நேற்றைய கருத்தன்று. அங்ஙனம் நடத்துதற்குக் கடைக்காரனுக்குப் பொருளியற் காரணம் இருந்ததா என்பதே கேள்வி. இக்கேள்வியைக் கையிற் கொண்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம்.

தவறணை என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அவர்தம் மொழியில் அது தவேர்ணா. 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசு அவர்கள் கையில் வீழ்ந்தது. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் வந்தனர். 1795ஆம் ஆண்டு பிரித்தானியர் வந்தனர். ஒல்லாந்தர் காலத்திலேயே அரசிறையின் பல பகுதிகள் குத்தகைக்கு விடப்பட்டன. மது விற்கும் உரிமையும் அவற்றுள் ஒன்று. பிரித்தானியர் அம்முறையைப் பேணி வளர்த்தனர். ஒரு பிரதேசத்தின் தவறணைகளை நடத்தும் உரிமை குறித்த காலத்துக்கு ஏலத்தில் விடப்படும்; கூடிய தொகை கேட்பவன் குத்தகைக்காரன் ஆவான். மொறட்டுவையைச் சேர்ந்த சொய்சா குடும்பத்தார் முதலாக இலங்கையின் பெருஞ்செல்வர் சிலரின் முதல் மூலதனம் இக்குத்தகையிலிருந்தே பிறந்தது என்பதை வரலாற்றாசிரியர் பலர் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

1844ஆம் ஆண்டு சிறப்பாகக் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு சட்டநிரூபண சபை சாராயம், றம், கள் ஆகியவற்றின் வடிப்பையும் விற்பனையையும் பற்றிய சட்டங்களை 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகத் தொகுத்தது. அதே ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையிலே அடிமை முறையை ஒழித்தது. யாழ்ப்பாணத்திலே பனையேறிக் கள் இறக்கியோர் பெரும்பாலும் முன்னர் அடிமைகளாகவோ குடிமைகளாகவோ எண்ணப்பட்ட மக்கள். 1707ஆம் ஆண்டு ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலே அவர்தம் நிலை எழுத்திலேயே உளது. ஒரே ஆண்டில், ஒரே சபையில், அம்மக்களின் உடல் விடுதலை பெற்றது. அவர்தம் தொழிலின் விளைவை விற்கும் உரிமையோ ஏலம் எடுப்பவனுக்கென்று உறுதியாயிற்று. இவ்விரு சட்டங்களையும் ஒருங்கு வைத்து வாசித்தோர் அக்காலத்தில் இருந்தனரோ, அறியோம். இன்று வாசிப்போர்க்கு அவை ஒன்றையொன்று உரையிடுகின்றன.

குத்தகைக்காரனின் கணக்கைச் சிறிது பார்த்தல் வேண்டும். அவன் இறுக்கவேண்டிய தொகை முன்னரே முடிந்துவிட்டது. நூறு பேர் குடித்தாலும் ஆயிரம் பேர் குடித்தாலும் அரசாங்கத்துக்குக் கொடுப்பது ஒன்றே. குத்தகைத் தொகை தீரும் வரை விற்பதெல்லாம் கடன் அடைப்பு. அதற்குமேல் ஊற்றும் ஒவ்வொரு கோப்பையும் அவனுடைய சொந்த ஊதியம். அத்தகையவன் தள்ளாடி வருபவனைப் பார்த்து, “போதும் தம்பி, வீட்டுக்குப் போ” என்று சொல்லுவானா? ஏலத்திலே போட்டியினாற் குத்தகை ஏற ஏற, அவன் நீர் கலந்தான், அளவைக் குறைத்தான், விலையைக் கூட்டினான், கணக்கிற் காட்டாத சாராயத்தை உள்ளே கொணர்ந்தான். இவை இலங்கைக் குத்தகை முறையைப்பற்றி அக்கால அதிகாரிகளே எழுதிவைத்த குறைகள். தவறணையை நேரே நடத்தியவன் பெரும்பாலும் குத்தகைக்காரனுமல்லன். அவனிடம் கீழ்க்குத்தகை எடுத்தவனோ சம்பளக்காரனோ ஆவான். பொறுப்பு இவ்வாறு படிப்படியாகக் கீழிறங்கிக் கொட்டிலின் வாயிலை அடையுமுன் மறைந்துபோயிற்று. கடைக்காரன் கெட்டவன் என்பதன்று நாம் கூறுவது. நல்லவன் ஒருவன் அவ்விடத்தில் அமர்ந்திருந்தால் அவன் நட்டப்பட்டிருப்பான்.

இம்முறைக்கு எதிர்ப்பு இரு திசைகளில் எழுந்தது. யாழ்ப்பாணத்தில் 1816ஆம் ஆண்டு முதல் உழைத்த அமெரிக்க மிசனரிமார் மது ஒழிப்பைத் தம் போதனையோடு சேர்த்துக்கொண்டனர். நாவலர் பெருமான் வழிவந்த சைவக் கல்வியோ கள்ளுண்ணலைப் பாதகங்களுள் வைத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. எல்லாவற்றிலும் முரண்பட்ட இவ்விரு சாராரும் ஒத்துநின்ற இடம் ஏறக்குறைய இது ஒன்றே. தென்னிலங்கையில் 1904ஆம் ஆண்டு தொடங்கிய மதுவொழிப்பியக்கம், 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் பின் மீண்டும் கொழுந்துவிட்டது. அச்சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றி, தனி மதுவரித் திணைக்களத்திற்கு வழிசெய்து, சாராயத் தவறணை வேறு, கள்ளுத் தவறணை வேறு எனப் பிரித்தது. பிரித்த நோக்கம் ஒருவகையில் நன்றே: கடுமையான சாராயத்திலிருந்து மென்மையான கள்ளுக்குக் குடிப்பவரைத் திருப்பலாம் என எண்ணினர். ஆயின் நாடெங்கும் புதிய கள்ளுத் தவறணைகள் நூற்றுக்கணக்கில் ஒரே முறையில் தோன்றவே, மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது கடைகளின் தொகைதான். சேனநாயக்க சகோதரர் முதலியோர் அரசியல் மேடைக்கு வந்தது இவ்வியக்கத்தின் படிகளில் ஏறியே.

பின்னர் உள்ளூர் வாக்கெடுப்பு முறை வந்தது. ஓரூர் மக்களிற் போதிய தொகையினர் வேண்டாமென வாக்களிப்பின் அவ்வூர்த் தவறணை மூடப்படும். ஸ்கொத்லாந்திலும் 1913ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920ஆம் ஆண்டிலிருந்து இவ்வாறே நடந்தது. அமெரிக்காவோ 1920 முதல் 1933 வரை முழு மதுவிலக்கையே கைக்கொண்டு பார்த்தது. காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது இக்காற்று நன்கு வீசிக்கொண்டிருந்தது. இலங்கையிற் பல இடங்களிலே குடியின் கேட்டை அவர் எடுத்துரைத்தார். குடாநாட்டிலும் வாக்கெடுப்புக்கள் நடந்தன, தவறணைகள் மூடுண்டன. ஊர்ப் பெரியோர் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சியை எள்ளுதல் தகாது. கூலியைத் தவறணையில் இழந்து வெறுங்கையோடு வந்த தகப்பனைக் கண்ட வீடுகள் அக்காலத்திற் பல. கதவு மூடியதைக் கண்டு அவ்வீட்டுப் பெண்கள் விட்ட பெருமூச்சு உண்மையான பெருமூச்சே.

ஆயினும் மூடப்பட்டது கதவு, பனையன்று. இங்கே தீவகத்துக்கும் கொழும்புக்கும் உள்ள வேறுபாட்டை நோக்குதல் வேண்டும். சாராயம் வடிசாலையிலிருந்து வண்டியில் வரவேண்டிய பொருள். கடையை மூடினால் வரத்து நிற்கும், அல்லது மிகக் குறையும். கரம்பொன் போன்ற ஊரிலே கள் வளவுக்குள்ளேயே நிற்கின்றது. தவறணை இல்லையெனின் வேலிக்கரை உண்டு, பனங்கூடல் உண்டு, தொழிலாளி வீட்டுப் பின்வளவு உண்டு. அங்கே திறக்கும் நேரமும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. முத்திரையிட்ட அளவை இல்லை. உத்தியோகத்தர் வருவார் என்ற அச்சம் குடிப்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் பொதுவாய் இருந்தமையால், குடிப்பது விரைவிலும் மறைவிலும் நடந்தது. ஒருவன் அளவு மீறிக் குடித்து விழுந்தால், தூக்கி நிறுத்துவதற்குக் கூட வெளிப்படையாய் வர ஒருவரும் இரார். தவறணையின் குறைகள் எத்தனையாயினும், அது நாலுபேர் பார்க்கும் இடம். தீமை நாலுபேர் முன்னிலையில் நடப்பதற்கும் இருளில் நடப்பதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று.

யாழ்ப்பாணத்திலே சிலகாலம் வழங்கிய மரவரி முறை இவ்விடத்திற் பொருட்படுத்தத்தக்கது. ஏலமும் தவறணையும் இன்றி, சீவும் மரத்துக்கு இத்தனை என வரி செலுத்தித் தொழிலாளியே கள்ளை இறக்கி மரத்தடியில் விற்கும் முறை அது. சென்னை மாகாணத்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மரவரி நடைமுறையில் இருந்தது. இதிலே இடையில் நிற்பவன் இல்லை, உழைத்தவனே விற்றான், ஊதியமும் அவனுடையதே. தினமும் இருமுறை ஏறி இறங்கும் ஒருவன் தன் உடல் ஆற்றலுக்கு மேற்பட்டுக் கள் பெருக்க முடியாது. ஆகவே வரம்பு மரத்திலேயே இருந்தது. வாங்குவோன் அயலூரான், அவன் மனைவியும் மக்களும் விற்பவனுக்குத் தெரிந்தவர்கள். கௌடலியர் வேண்டிய அறிமுகம் இங்கே இயல்பாயிற்று. ஆனால் கண்காணிப்பு ஏறக்குறைய இல்லை. ஒரு தவறணைக்குப் பதில் நூறு மரத்தடிகள். மேலும், அறிமுகம் என்பது யாழ்ப்பாணத்திலே சமநிலை அறிமுகமன்று. காணி உடையவன் கள் கேட்டால், அவன் மரத்தில் ஏறிப் பிழைப்பவன் இல்லையென்று சொல்ல எங்ஙனம் இயலும்? கொடுப்பவனுக்கு மறுக்கும் உரிமை இல்லாவிடத்திலே பொறுப்பான விற்பனை என்று பேசுவதிற் பொருளில்லை. இதனை நம் மதுவொழிப்புப் பேச்சாளர் பலர் கவனித்திலர். அவர்கள் தொழிலாளியையே குற்றவாளியாக நிறுத்திப் பேசினர்.

பிளாவைப் பற்றி ஒரு வார்த்தை. பனங்குருத்தோலையைக் கோலிக் கட்டிய அச்சிறு ஏனத்திலேயே நம்மூரிற் கள் வார்த்துக் குடிப்பர், குடித்தபின் எறிந்துவிடுவர். ஒருவர் வாய்வைத்ததை மற்றொருவர் தொடாமைக்கு அது மிக வசதியானது என்பதிலே சாதியின் நிழல் விழுந்துகிடக்கின்றது. ஆயினும், ஒரே குவளையைச் சேற்றுநீரிற் கழுவிப் பத்துப்பேருக்குக் கொடுத்த பிறநாட்டுக் கடைகளோடு ஒப்பிட்டால், சுகாதார முறையிலே நம் பிளா நூறு மடங்கு மேலானது. தீய காரணத்தால் நல்ல பழக்கம் உண்டாவதும் வரலாற்றில் உண்டு.

இனி, குத்தகைக்காரனுக்கு மாற்று யாது என்னும் வினா ஐரோப்பாவிலும் எழுந்தது. சுவீடன் நாட்டுக் கோதன்பேர்க்கு நகரில் 1865ஆம் ஆண்டு ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. நகரத்தின் மதுக்கடை உத்தரவுகளை அது தன் கையில் எடுத்துக்கொண்டது. பங்காளருக்குக் குறித்த அளவுக்கு மேல் ஊதியம் இல்லை. எஞ்சியது நகரின் பொதுப்பணிக்கு. கடையை நடத்துபவனுக்குச் சம்பளம் உண்டு; மதுவை விற்பதால் மேலதிகமாய் ஒரு காசும் இல்லை; உணவும் காப்பியும் விற்பதிலே மட்டும் அவனுக்கு ஆதாயம் உண்டு. எத்துணை எளிய சூழ்ச்சி! இரண்டாம் கோப்பையை ஊற்றுவதிலே அவனுக்கு ஆசை இல்லாது செய்துவிட்டனர். முதல் உலகப் போரின்போது, வெடிமருந்துச் சாலைத் தொழிலாளர் திரண்டிருந்த கார்லைல் பகுதியிலே பிரித்தானிய அரசாங்கம் 1916ஆம் ஆண்டு மதுக்கடைகளைத் தானே ஏற்று இம்முறையைத் தழுவி நடத்தியது. 1973ஆம் ஆண்டு வரை அது நீடித்தது.

யாழ்ப்பாணத்திலே இதனோடு ஒப்பிடத்தக்க மாற்றம் 1970களின் தொடக்கத்தில் வந்தது. கள் இறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகித் தவறணைகள் அவற்றின் பொறுப்பில் வரலாயின. பின்னர் அவை பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்னும் பெயரால் அறியப்பட்டன. தொழிலாளி கள்ளைச் சங்கத்துக்கு அளக்கின்றான். சங்கம் விலை கொடுக்கின்றது. தவறணையில் இருப்பவன் சங்கத்தின் சம்பளக்காரன். முதலாளி என்று ஒருவன் இல்லை. 1844ஆம் ஆண்டு உடல் விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்கள், தம் உழைப்பின் விளைவைத் தாமே விற்கும் உரிமையைப் பெற நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற் சென்றன.

இம்மாற்றத்தின் மற்றொரு பயனைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கள்ளுக்குப் பொழுதே பகை என முன்னர்க் கூறினோம். பனையின் பருவகாலத்திலே ஒரே நேரத்திற் கள் பெருகும், தவறணை தாங்காது. தனிக்குத்தகைக்காரனுக்கு அப்பொழுது இருந்த வழி வருபவன் வாயில் ஊற்றுவதே. கூட்டுறவுச் சங்கமோ மிஞ்சியதை வடிசாலைக்கு அனுப்பலாம். வடமராட்சியில் உள்ள திக்கம் வடிசாலை பனங்கள்ளைச் சாராயமாக வடிப்பதற்கென்றே நிறுவப்பட்டது. கள்ளைப் போத்தலில் அடைத்து, சூடேற்றி நொதிப்பை நிறுத்தி, பிறநாட்டுக்கு அனுப்பும் வழியும் பின்னர்த் திறந்தது. 1978ஆம் ஆண்டு பனை அபிவிருத்திச் சபை தோன்றியபின் இவ்வழிகள் அகன்றன. விற்காத கள்ளுக்குப் போக்கிடம் உண்டாயின், “இன்றைக்கு இவ்வளவு போதும்” என்று தவறணைக்காரன் சொல்லுதல் எளிதாகின்றது. மென்மையான கள் வடிசாலையிலே ஆறேழு மடங்கு கடிய சாராயமாகி வேறோர் ஊரிலே வேறோர் வீட்டுக்குச் செல்கின்றது என்பதையும் மறைத்தலாகாது. ஓரூர்த் தவறணையின் அமைதி, மற்றோர் ஊரின் கணக்கில் எழுதப்படுகின்றது. பனங்கட்டிக்கும் காடிக்கும் கூடிய பங்கு போகுமாயின் இக்கேடு குறையும். ஆயின் கருப்பநீர் காய்ச்ச விறகு வேண்டும், பெண்களின் பல மணிநேர உழைப்பு வேண்டும், பனங்கட்டிக்கு நிலையான விலை வேண்டும். இம்மூன்றும் சேர்ந்து கிடைத்த காலம் குறைவு.

கூட்டுறவு என்ற பெயரே காவலாகிவிடாது என்பதும் உண்மை. சங்கமும் வரவு செலவுத் திட்டம் போடுகின்றது. விற்பனை குறைந்தால் அங்கத்தவரின் கொடுப்பனவு குறைகின்றது. ஆதலாற் குத்தகைக்காரனின் ஆசை வேறு உருவில் உள்ளே புகக்கூடும். அதனைத் தடுப்பவை சிறிய, சாதாரணமான வழக்கங்களே. முட்டிகளையும் பீப்பாக்களையும் நாள்தோறும் கழுவி வெயிலில் உலர்த்துதல். குளவியும் எறும்பும் போக வடித்தல். நேற்றையதை இன்றையதோடு கலவாமை. அளவை எல்லார்க்கும் தெரியும்படி வைத்தல். கடனுக்கும் அடகுக்கும் ஊற்றாமை. சிறுவர் கையிற் போத்தலைக் கொடுத்தனுப்பாமை. கடிப்பதற்கு ஏதேனும் ஓர் உணவும் குடிநீரும் வைத்திருத்தல். தள்ளாடுபவனுக்கு நிறுத்துதல், நிறுத்தியபின் அவனைத் தனியே கடற்கரை வழியாகவோ தெருவழியாகவோ விடாமை. ஆந்திரத்திலும் தெலுங்கானாவிலும் கள்ளிலே குளோரல் ஐதரேற்று முதலிய மயக்கமருந்துகள் கலக்கப்பட்டு உயிர்களுக்குக் கேடு விளைந்ததை நினைப்பார், மரத்தையும் மரமேறியையும் அறிந்த சிறு தவறணையின் அருமையை உணர்வர்.

சட்டம் இவற்றிற் சிலவற்றையே தொட்டுள்ளது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோர்க்கு விற்றலையும் மதுசார விளம்பரத்தையும் தடுத்தது. பௌர்ணமி நாட்களில் மதுக்கடைகள் மூடப்படுகின்றன. பெண்களுக்குத் தவறணையில் மது விற்றலையும் அங்கே அவர்கள் தொழில் செய்தலையும் 1979ஆம் ஆண்டின் அறிவித்தல் ஒன்று தடுத்திருந்தது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் அத்தடை நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே மீளவும் இடப்பட்டது. பாளைக்கத்தி பிடித்தவனின் மனைவி வீட்டிலே கருப்பநீர் காய்ச்சலாம், ஆனால் தன் கணவன் அங்கத்தவனாயுள்ள சங்கத்தின் தவறணையிற் கணக்கெழுத முடியாது என்றிருந்த நிலையை நியாயம் என்று கொள்ள எம்மால் இயலவில்லை. அன்றியும், பனைநாட்டுக்கு வெளியே உள்ள தென்னிலங்கையிலும் வடக்கிலும் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் உத்தரவுச் சாராயத்தின் விலை ஏறுந்தோறும் பெருகி வருவதைக் காண்கின்றோம். கள்ளுக்கும் கசிப்புக்கும் ஒரே கோல் கொண்டு அளப்பது, மருந்துக்கடையையும் நச்சுக்கடையையும் ஒன்றாக எண்ணுவது போலாம்.

இந்தியாவிலே இராசாசி 1937ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் நாள் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டு அது தளர்ந்தது. பின்னர் 1987ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கள் தடைப்பட்டது; பிற மதுவகைகள் அரசின் கடைகளிலேயே விற்பனையாகும் நிலையும் நாளடைவில் வந்தது. கேரளமோ கள்ளுக்கடையை உத்தரவுடன் வைத்துக்கொண்டது. பனையும் தென்னையும் ஒருங்கே கொண்ட இரு அயல் மாநிலங்களும் ஒன்றுக்கொன்று எதிரான வழியிற் சென்றமை, நம் நாட்டு மாணவர் ஒப்பிட்டு ஆராயத்தக்க பொருள்.

தீவகத்தின் கதை 1990ஆம் ஆண்டோடு முறிந்தது. போரினால் ஊர்காவற்றுறையும் கரம்பொன்னும் வேலணையும் வெறுமையாயின. மக்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் கடல்கடந்தும் சென்றனர். போர்க்காலத்தில் வடக்கெங்கும் இலட்சக்கணக்கான பனைகள் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. மீண்டு வந்தோர் சிலர். அவர்களுள்ளும் தளைநார் கட்டத் தெரிந்தோர் மிகச் சிலர். அவர்தம் பிள்ளைகள் கல்லூரிக்குச் செல்கின்றனர், ஏறுவதற்கு விரும்புகின்றிலர். அதற்காக அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. தொழிலாளர் குறையவே சங்கத் தவறணைகளுக்கு வரும் கள்ளும் குறைகின்றது. அந்த இடத்தை நிரப்புவது தெற்கிலிருந்து வரும் போத்தற் சாராயமும் பியரும். சீவாத பாளைகளோடு நிற்கும் ஆண்பனைகளை இன்று கரம்பொன் வீதியிற் செல்வோர் எவரும் காணலாம்.